விளக்கு எதை அளக்கிறது?

இரயில் பெட்டியின் அச்சு பேரிங்குக்குள் சுழலும்போது எவ்வளவு உராய்கிறது என்று அளந்து சொல்லும்படி, இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகம் பீச்சம் டவர் என்ற பொறியாளரைக் கேட்டுக்கொண்டது. அவருடைய அறிக்கை 1883இல் வெளிவந்தது. அவர் அமைத்த கருவியில் அச்சின் கீழ்ப்பாதி எண்ணெய்த் தொட்டியில் தோய்ந்திருக்கும். மேலே பித்தளைப் பேரிங் பாரத்தோடு அமர்ந்திருக்கும். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் அரை அங்குலத் துளை ஒன்று போட்டார். இயந்திரத்தை ஓடவிட்டதும் எண்ணெய் துளைக்குள் இறங்கவில்லை, அதன் வழியாக மேலே பொங்கி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்து விழுந்தது. மரக்கட்டையைச் செதுக்கி அடித்து இறுக்கினார். அதையும் எண்ணெய் நெட்டித் தள்ளியது. கடைசியில் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிப் போனது. பேரிங் சுமந்த பாரமோ அதே கணக்கில் சராசரியாக 100 பவுண்டுதான்.

அச்சு சுழலும்போது எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், குறுகிக்கொண்டே போகும் ஒரு சந்துக்குள் திணிக்கிறது. திணிபட்ட எண்ணெயில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம்தான் பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதி முடித்தார். இன்றுவரை பேரிங் வடிவமைப்பவர்கள் அந்தச் சமன்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

உங்கள் காரின் கிராங்க் ஷாஃப்ட்டும் இந்த ஏற்பாட்டில்தான் சுழல்கிறது. அதைத் தாங்கும் ஆயில் படலத்தின் தடிமன், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குகள் மட்டுமே. பாரம் தூக்கும் அழுத்தத்தைச் சுழற்சியே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் சந்துக்குள் ஆயில் வந்து சேர்ந்தால்தானே? அதற்காக அடியிலுள்ள சம்ப்பிலிருந்து ஒரு பம்ப் ஆயிலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக ஒவ்வொரு பேரிங்குக்கும் அனுப்புகிறது. வழியில் ஒரு சிறு சுவிட்ச் திருகப்பட்டிருக்கிறது. அதனுள் ஒரு மெல்லிய தகடு, ஒரு ஸ்பிரிங். ஆயிலின் அழுத்தம் தகட்டை அழுத்திக்கொண்டிருக்கும்வரை மின்சுற்று பிரிந்திருக்கும். அழுத்தம் ஏறக்குறைய அரை பாருக்குக் கீழே விழுந்தால் சுற்று இணைந்துவிடும். டேஷ்போர்டில் சொட்டு ஒழுகும் மூக்கோடு ஓர் எண்ணெய்க் குவளை சிவப்பாக எரியும். பழைய பட்டறை எண்ணெய்க் குவளையைப் பார்த்தே இராத தலைமுறைக்கு அது அலாவுதீன் விளக்காகத் தெரிவதில் வியப்பில்லை.

அந்த அரை பார் என்ற அளவில் கொஞ்சம் நிற்க வேண்டும். சூடேறிய இன்ஜின் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும்போது பெரும்பாலான கார்களில் ஆயில் அழுத்தம் 3 பார், 4 பார் என்று இருக்கும். அது 4இலிருந்து 1க்கு இறங்கினால் இன்ஜினுக்குள் ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆனால் விளக்கு எரியாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போய்விட்டாலும், பம்ப்பின் உறிஞ்சு வாய் ஆயிலில் மூழ்கியிருக்கும்வரை விளக்கு எரியாது. ஆயில் மட்டத்தை அளக்கத் தனி சென்சார் வைத்த கார்கள் உண்டு. அவை போக மற்ற கார்களில் இந்தச் சிவப்புக் குவளைக்கு மட்டம் பற்றி எதுவும் தெரியாது. அதனால்தான் அது எரிந்த பிறகு "அடுத்த பங்க் வரைக்கும் ஓட்டிடலாம்" என்ற கணக்கு செல்லாது. எச்சரிக்கைக் கட்டமெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது. டவரின் தக்கையைப் பிதுக்கித் தள்ளிய அந்தப் படலம் இப்போது பேரிங்கில் இல்லாமலே போயிருக்கலாம். ஓரங்கட்டி இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். அணைக்காதவர்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பதில் இரண்டே சொற்கள்: "இன்ஜின் சீஸ்."

எரியும் விதத்திலும் செய்தி இருக்கிறது. வளைவில் திரும்பும்போதோ, சடாரென்று பிரேக் பிடிக்கும்போதோ மட்டும் குவளை கண் சிமிட்டினால், மட்டம் குறைந்து ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று கொள்ளலாம். நீண்ட தூரம் ஓடி, சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது மட்டும் சிமிட்டினால் கதை வேறு. சூட்டில் ஆயில் நீர்த்துப்போயிருக்கும், அல்லது பேரிங்குகள் தேய்ந்து சந்து அகலமாகியிருக்கும். முதல் வகையை ஒரு லிட்டர் ஆயிலில் சரிசெய்துவிடலாம். இரண்டாவதற்கு மெக்கானிக் முகத்தைப் பார்த்தே செலவைத் தெரிந்துகொள்ளலாம்.

டேஷ்போர்டில் நாம் பார்ப்பது ஒரு படம். படத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு சென்சார். அந்தச் சென்சாருக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும்; அது பெரும்பாலும் படம் காட்டும் கேள்வியாக இருப்பதில்லை. 1930களின் நடுவில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் ஆயில் அழுத்தத்துக்கும் மின்சாரத்துக்கும் இருந்த முள் மானிகளை எடுத்துவிட்டு விளக்குகளை வைத்தது. கார்ப் பிரியர்கள் அவற்றுக்கு 'முட்டாள் விளக்கு' என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். மானியின் முள் இறங்கி வருவதைக் கண்ணால் காணலாம், விளக்கோ எல்லாம் முடிந்தபின் எரியும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் முள் மெதுவாக இறங்குவதைச் சாலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? சாமானிய ஓட்டுநருக்கு விளக்கே மேல் என்பது என் கட்சி; அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் பட்சத்தில்.

தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காருக்கு வெளியே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கு அது மூடியிருப்பதாகச் சொன்னது. உண்மையில் அந்த விளக்கு வால்வைப் பார்க்கவே இல்லை. வால்வுக்கு 'மூடு' என்ற மின் ஆணை போனதா என்பதை மட்டும் பார்த்தது. ஆணை போயிருந்தது, வால்வு கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருக்க, பணியாளர்கள் விளக்கை நம்பி நின்றார்கள். உலையின் எரிபொருள் கருவில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

காருக்குத் திரும்புவோம். ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது:

"அண்ணே, பேட்டரி லைட் எரியுது. புது பேட்டரி போட்டுடலாமா?"

"பேட்டரிய விடுங்க சார். மொதல்ல பெல்ட் இருக்கான்னு பாப்போம்."

மெக்கானிக் சொல்வதுதான் சரி. பேட்டரி படம் போட்ட விளக்குக்குப் பேட்டரியின் ஆரோக்கியம் பற்றி அக்கறை இல்லை. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருகிறதா என்பதே அதன் கேள்வி. பழைய கார்களில் இதைச் செய்த சுற்று மிக அழகானது. பல்பின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரியோடு, மறுமுனை ஆல்டர்னேட்டரோடு. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் பல்பு வழியாக, ஓடாமல் நிற்கும் ஆல்டர்னேட்டருக்குள் பாயும், பல்பு எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கி ஆல்டர்னேட்டரும் மின்சாரம் தந்தால், பல்பின் இரு முனையிலும் ஒரே மின்னழுத்தம். வேறுபாடு இல்லாத இடத்தில் மின்னோட்டம் இல்லை, பல்பு அணைந்துவிடும். இதற்கென்று தனியாக ஒரு சென்சாரும் வேண்டியதில்லை. இன்னொரு வேடிக்கை: பல்பு வழியாகப் போகும் அந்தச் சிறு மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரின் காந்தத்தைத் தட்டி எழுப்பும். பல்பு ஃபியூஸ் போனால் சில வண்டிகளில் சார்ஜே ஏறாமல் போனது அதனால்தான். இன்றைய கார்களில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. இன்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். நின்ற வண்டியில் முழு சார்ஜ் ஏறிய பேட்டரி காட்டுவது சுமார் 12.6.

ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் ஏ.சி., ரேடியோ என்று அணைக்கக் கூடியதையெல்லாம் அணைத்துவிட்டு ஒர்க்‌ஷாப்பை நோக்கிப் போகலாம், பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரம் தீரும்வரை வண்டி ஓடும் என்பது பொதுவான அறிவுரை. அதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் வெப்பமானி. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டே பல கார்களில் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் பேட்டரி விளக்கு முதல் செய்தி; கொதித்துப்போகும் இன்ஜின் இரண்டாவது.

வெப்பத்துக்கு அலைகளில் மிதக்கும் ஒரு வெப்பமானிப் படம். சிவப்பில் எரிந்தால் சூடு எல்லை மீறிவிட்டது. பல சிறிய கார்களில் அதே படம் நீலத்தில் எரிந்தால் இன்ஜின் இன்னும் சூடேறவில்லை, முரட்டுத்தனமாக முடுக்காதே என்று பொருள். இங்கும் சென்சார் அளப்பது இன்ஜினின் சூட்டை அல்ல, தன்னைச் சுற்றி ஓடும் கூலன்ட்டின் சூட்டை. ஹோஸ் கிழிந்து கூலன்ட் முழுவதும் ஒழுகிவிட்டால், சென்சார் வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கும். திரவம்போல் ஆவி சூட்டைக் கடத்தாது. எனவே இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் இறங்கிப் போவதும் உண்டு. முள்ளை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் நிறுவனங்களே செய்துவைத்தது. சூடு சில டிகிரி ஏறி இறங்கும்போதெல்லாம் வாடிக்கையாளர் பதறி ஓடி வருகிறார் என்பதால், ஒரு பரந்த வெப்ப எல்லைக்குள் முள் அசையாமல் நடுவில் நிற்கும்படி பல கார்களில் அமைத்துவிட்டார்கள். அது நகரத் தொடங்கினால் விஷயம் முற்றிவிட்டது.

சிவப்பு எரிந்தால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து வையுங்கள். ஹீட்டர் என்பது கேபினுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். சென்னை வெயிலில் ஹீட்டருக்கு வேறென்ன வேலை? பிறகு பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துக் காத்திருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. மூடிய குளிர்விப்புச் சுற்றில் அழுத்தம் இருப்பதால் கூலன்ட் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் திரவமாகவே இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

பிரேக்கைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி: ஹேண்ட் பிரேக் இறங்கவில்லை, அல்லது பிரேக் ஆயில் மட்டம் இறங்கிவிட்டது. பிரேக் ஆயில் புட்டியில் ஒரு மிதவை, அதில் ஒரு காந்தம், கீழே ஒரு சுவிட்ச். பிரேக் பேட் தேயத் தேய ஆயில் கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்பும். ஆகவே விளக்கு எரிந்தால் கசிவாக இருக்கலாம், தேய்ந்த பேடாகவும் இருக்கலாம். ஆயிலை ஊற்றி விளக்கை அணைப்பது இரண்டுக்கும் மருந்து ஆகாது.

அந்த மிதவைக்குத் தெரியாத ஒன்றுதான் மலைப்பாதையில் ஆளைக் கொல்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 தரத்தின்படி புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி வரை தாங்கினாலே போதும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், பெடல் குமிழியை அமுக்குமே தவிர பிரேக்கை அமுக்காது. புட்டியில் மட்டம் சரியாக இருக்கும், விளக்கு எரியாது. வாங்கியதிலிருந்து பிரேக் ஆயிலை மாற்றாத வண்டிக்கு வரும் இந்த ஆபத்தைச் சொல்லும் படம் பெரும்பாலான டேஷ்போர்டுகளில் கிடையாது.

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் சிவப்பு. கார்ச் சின்னங்களுக்கான சர்வதேசத் தரம், ஐ.எஸ்.ஓ. 2575, படங்களோடு நிறங்களையும் வகுத்திருக்கிறது. சிவப்பு எரிந்தால் இப்போதே கவனி, மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் காட்டு, பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்கிக்கொண்டிருக்கிறது என்ற தகவல். சிவப்பு விளக்குகள் அந்தக் கால இயந்திர அறிவின் பிள்ளைகள். மஞ்சள் விளக்குகளில் மிகப் பெயர்போன 'செக் இன்ஜின்' பிறந்த கதையோ காரிலிருந்து தொடங்கவில்லை.

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தைக் கண் எரியும் மஞ்சள் மூட்டம் சூழ்ந்தது. போர்க்காலம், ஜப்பானியர்கள் விஷப்புகை போட்டுவிட்டார்கள் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த, நெதர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் பின்னர் இந்த மூட்டத்தின் பக்கம் திரும்பினார். காரிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். எண்ணெய்த் தொழில் அதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான்.

1975 மாடல் முதல் அமெரிக்கக் கார்களின் புகைக்குழாயில், புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) வந்தது. அடுத்து எழுந்தது ஓர் எளிய கேள்வி: ஷோரூமை விட்டு வந்த காரில் அது தொடர்ந்து வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது? காரே தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றது கலிஃபோர்னியா. 1988 மாடல்களில் முதல் கட்டமும், 1996 முதல் அமெரிக்கா முழுவதும் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. இந்தியாவில் இந்தச் சுயபரிசோதனை முறை 2010இலும், அதன் இரண்டாம் கட்டம் 2013இலும் கட்டாயமானது. இன்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு சட்டத்தின் கண்ணில் புகை விளக்கு. "வண்டி நல்லாத்தான் இழுக்குது, இது மட்டும் ஏன் எரியுது?" என்பவருக்கு இதுவே விடை. இழுவையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சைலன்சர் வழியாக என்ன போகிறது என்பதுதான் கேள்வி.

மாற்றி வேலை செய்கிறதா என்று கார் கண்டுபிடிக்கும் முறை நுட்பமானது. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதத்தைப் பிடித்துவைக்க, புகைக்குழாயில் ஓர் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதன் உயிர்நாடி சிர்கோனியா என்ற பீங்கான். சில நூறு டிகிரி சூட்டில் அது ஆக்சிஜன் அயனிகளைத் தன் வழியே நகரவிடும். ஒருபுறம் வெளிக்காற்று, மறுபுறம் புகை. இரண்டுக்கும் உள்ள ஆக்சிஜன் வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படும். பெட்ரோல் கூடினால் சுமார் 0.9 வோல்ட், காற்று கூடினால் சுமார் 0.1 வோல்ட். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பதால் இந்த அளவு ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும்.

மாற்றியைத் தாண்டி, பின்னால் இன்னொரு சென்சார். மாற்றியின் உள்பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்தோடு சீரியம் ஆக்சைடும் உண்டு. அது ஆக்சிஜன் மிகும்போது வாங்கி வைத்துக்கொண்டு, குறையும்போது கொடுக்கும். ஆகவே முன் சென்சார் ஆடினாலும், மாற்றி உயிரோடு இருந்தால் பின் சென்சார் ஆடாது. இரண்டும் ஒரே தாளத்தில் ஆடத் தொடங்கினால் சேமித்து வைக்கும் சக்தி போய்விட்டது என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டி 'பி0420' என்று குறித்துக்கொள்ளும். அதற்கும் மாற்றி கெட்டுவிட்டது என்று உறுதியாகத் தெரியாது. பின் சென்சார் ஆடுகிறது என்றுதான் தெரியும். புகைக்குழாயில் ஓர் ஓட்டை இருந்து வெளிக்காற்று நுழைந்தாலும் இதே குறியீடு வரலாம். ஸ்கேனரில் எண்ணைப் பார்த்த மறுகணமே பல ஆயிரம் ரூபாய் பாகத்தை மாற்றச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

இந்த விளக்கு ஒரு தடவை ஏதோ தவறிவிட்டால் எரிந்துவிடாது. பெரும்பாலான கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் எரியும். கோளாறு மறைந்து மூன்று ஓட்டங்கள் நன்றாக முடிந்தால் தானே அணையும், குறியீடு மட்டும் நினைவில் கொஞ்சகாலம் தங்கும். கோளாறு நடந்த கணத்தில் வேகம், சூடு, சுழற்சி என்னவாக இருந்தன என்ற பதிவும் சேமிக்கப்பட்டிருக்கும். நல்ல மெக்கானிக் முதலில் தேடுவது அதைத்தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. விளக்கு விட்டு விட்டு எரிந்தால் இரண்டு ஓட்டம், மூன்று ஓட்டம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் நிலை அது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறி, கொதிக்கும் மாற்றிக்குள் போய் அங்கே எரிகிறது. அந்தச் சூட்டில் உள்ளேயிருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி, முடிந்த சீக்கிரம் நிறுத்துங்கள்.

எரியாமல் போனதைக் கார் எப்படி அறிகிறது? சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. கிராங்க் ஷாஃப்ட்டோடு சுழலும் பல் சக்கரம் ஒன்றை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டிருக்கிறது. 60 பல்லுக்கு இடம், அதில் 2 பல் வேண்டுமென்றே விடப்பட்டது என்பது பரவலான அமைப்பு. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், நொடியின் நூறில் ஒரு பங்குக்கு ஒரு வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும் சக்கரத்தை ஓர் இம்மி வேகப்படுத்தும். ஒன்று தவறினால் அந்த இடத்தில் பற்கள் ஓர் இம்மி தாமதமாக வரும். அந்தத் தாமதத்தைக் கொண்டு எந்தச் சிலிண்டர் என்பதுவரை சொல்லிவிடும்: 'பி0301' என்றால் முதல் சிலிண்டர். குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் வாங்கும் அடி டிரான்ஸ்மிஷன் வழியாகத் திரும்பி வந்து கிராங்க்கை உலுக்கும். அதுவும் மிஸ்ஸிங் போலவே தெரியும். அதனால் சக்கர வேகத்தையும் பார்த்து, சாலை மோசம் என்று தெரிந்தால் கம்ப்யூட்டர் தீர்ப்பைத் தள்ளிவைக்கிறது.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பிறகு டீசல் கார்க்காரர்களுக்கு ஒரு புதிய மஞ்சள் விளக்கு அறிமுகமானது: புகைக்குழாய்க்குள் புள்ளிகள். டீசல் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி நிரம்புகிறது என்ற செய்தி. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடுதான் இங்கே அளவை. பிடித்த கரியை எரித்துத் தீர்க்க ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும். அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக நகருக்குள் ஊர்ந்து செல்லும் வண்டியில் அந்தச் சூடு வராது. விளக்கு எரிந்ததும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கால் மணி, அரை மணி ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அலட்சியப்படுத்தினால் வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பிறகு ஒர்க்‌ஷாப்பில்தான் எரிக்க வேண்டும். சூட்டை ஏற்றுவதற்காக இன்ஜின் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து சம்ப்பில் கலக்கிறது. எரிப்பைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும். ஆயில் ஏறுகிறது என்று மகிழ வேண்டாம். டீசல் கலந்து நீர்த்துப்போகிறது, பேரிங்குக்கு ஆகாது.

ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரில் சேறு அடைத்திருந்தாலும் எரியலாம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்தால் முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் ஏற்பாடும் போயிருக்கலாம்; அப்போது ஓட்டக்கூடாது.

குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போலத் தெரிவது காற்றுக் குறைந்த டயரின் குறுக்குவெட்டுத் தோற்றம். படங்களிலேயே மோசமாக வரையப்பட்டது இதுதான் என்பேன். சில கார்களில் ஒவ்வொரு டயருக்குள்ளும் அழுத்த சென்சார் உண்டு. மற்றவற்றில் ஏ.பி.எஸ். சென்சாரே இதற்கும் கூலியில்லாமல் வேலை செய்கிறது. காற்றுக் குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றே சிறியது. அதே தூரத்துக்கு அது கொஞ்சம் கூடுதலாகச் சுழலும். ஒரு டயர் பஞ்சர் ஆனால் இப்படிப் பிடித்துவிடலாம். மாதக்கணக்கில் காற்றே பிடிக்காமல் நான்கு டயர்களும் ஒரே அளவில் இறங்கினால், ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறைக்கு வேறுபாடே தெரியாது. காற்றுப் பிடித்த பிறகு அழுத்த வேண்டிய ரீசெட் பொத்தானைக் காற்றுப் பிடிக்காமலே அழுத்திவிட்டால், இறங்கிய டயரையே சரியான அளவாக அது கற்றுக்கொள்ளும்.

ஏர்பேக் விளக்கு எரிந்தால் விபத்தில் பை விரியாமல் போகலாம் என்று பொருள். பையை வெடிக்கச் செய்யும் திரியின் மின்தடை சுமார் 2 ஓம். திரியைப் பற்றவைக்கப் போதாத ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்பி, அந்த 2 ஓம் அப்படியே இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் ஓயாமல் சரிபார்க்கிறது. ஸ்டீயரிங்கோடு சுழலும் நாடாக் கம்பி அறுந்தாலே இந்தக் கணக்கு பிசகிவிடும்.

பழைய கார் வாங்கப் போகிறவருக்கு ஏர்பேக் விளக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும், இன்ஜினைக் கிளப்பும் முன், முக்கியமான எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து காட்ட வேண்டும்; பல்புக்கு உயிர் இருக்கிறதா என்ற பரிசோதனை அது. ஏர்பேக் விளக்கு அந்த நேரத்தில் எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். ஆயில் விளக்கோடு சேர்ந்து எரிந்து சேர்ந்தே அணைந்தால், இரண்டையும் ஒரே கம்பியில் கோத்திருக்கவும் வாய்ப்புண்டு. அது தனக்கென்று உள்ள நேரக் கணக்கில் சில நொடிகள் எரிந்து தனியாக அணைய வேண்டும்.

செக் இன்ஜின் விளக்கை மறைக்க அத்தனை பாடுகூட வேண்டாம். ஸ்கேனரால் குறியீட்டை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். கோளாறு திரும்பத் தலைகாட்ட இரண்டு ஓட்டம் ஆகும். அதற்குள் வியாபாரம் முடிந்துவிடும். ஆனால் அழிக்கும்போது மாற்றி, ஆக்சிஜன் சென்சார் முதலான சோதனைகளின் முடிவுகளும் சேர்ந்து அழிகின்றன. அவை மீண்டும் முடியும்வரை 'இன்னும் தயாராகவில்லை' என்றே ஸ்கேனர் காட்டும். குறியீடு அழிக்கப்பட்டதிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற எண்ணும் பல கார்களில் கிடைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 ஊசித் துளைகள் கொண்ட சாக்கெட்டில் மலிவான ஒரு புளூடூத் ஸ்கேனரைச் செருகி, கைப்பேசியில் அந்த எண்ணைப் பாருங்கள். "ரெண்டு வருஷமா ஒரு லைட்டும் எரிஞ்சதில்ல சார்" என்று விற்பவர் சொல்லிக்கொண்டிருக்க, அது 7 கிலோமீட்டர் என்று காட்டினால், அவர் வீட்டுக்கும் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பார்க்கலாம்.